கிணற்றடி வல்லாரையும் போத்தல் வல்லாரையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிணற்றடியில் தானாக முளைத்த வல்லாரையையும் இழைய வளர்ப்பில் (செடியின் சிறு துண்டைப் போத்தலில் கிருமியின்றி வளர்க்கும் முறை) எடுத்த வல்லாரையையும் டி.பி.பி.எச். முறையில் சோதித்தோம். கிணற்றடி வல்லாரையின் ஐ.சி. 50 பெறுமானம் குறைவாக வந்தது. அதன் ஒட்சியேற்ற எதிர்ப்பும் குறைவு என்றுதானே பொருள்?
– மாணவி, நெல்லியடி

பதில்: இல்லை, நேர்மாறு. டி.பி.பி.எச். என்ற சுயாதீன மூலிகத்தில் (சோடியில்லா இலத்திரன் கொண்ட மூலக்கூறு) பாதியை அடக்கத் தேவையான சாற்றின் செறிவுதான் ஐ.சி. 50. குறைந்த செறிவே போதுமென்றால் சாறு வலியது, அதன் ஒட்சியேற்ற எதிர்ப்பும் கூடியது.

இந்த முடிவில் வியப்பில்லை. வெளியில் நிற்கும் செடி வெயிலையும் புற ஊதாக் கதிரையும் பூச்சியையும் தாங்க வேண்டும். அதற்காகத்தான் பிளேவனொயிட்டு முதலான, ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பீனோல் சேர்வைகளைச் சேர்த்து வைக்கிறது. போத்தல் செடிக்கோ லீற்றருக்கு 30 கிராம் சீனி போட்ட ஊடகமும் (செடி வளரும் சத்துக் கூழ்) ரியூப் லைற் வெளிச்சமும் கிடைக்கின்றன. பூச்சித் தொல்லை கிடையாது. ஆனாலும் வெளிச்செடிதான் எப்போதும் உசத்தி என்று எழுதிவிடாதீர்கள். ஊடகத்தில் செடியின் தற்காப்பைத் தூண்டும் சலிசிலிக் அமிலமோ மெதைல் ஜஸ்மொனேற்றோ சிறிதளவு சேர்த்தால் போத்தல் செடியிலும் பீனோல் கூடலாம்.

அறிக்கை எழுதுமுன் ஒப்பீடு சரியானதா என்று பாருங்கள். பச்சை நிறையில் ஒப்பிட்டிருந்தால் செல்லாது; போத்தல் செடியில் நீர் அதிகம். இரண்டிலும் இலையை மட்டும் ஆய்ந்து, 40 பாகை செல்சியசில் நொறுங்கும்வரை உலர்த்தி, உலர்நிறைக்குக் கணக்கிடுங்கள். உலர்த்துமுன் போத்தல் செடியைக் காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். ஒட்டிவரும் சீனி சாற்றின் நிறையைத்தான் கூட்டும், வலிமையைக் கூட்டாது. ஊடகத்தில் அஸ்கோபிக் அமிலம் (விற்றமின் சி) சேர்த்திருந்தால் கழுவுவதில் இன்னும் கவனம் தேவை. அது தானாகவே டி.பி.பி.எச்.சின் நிறத்தைப் போக்கி, செடிக்கு இல்லாத பெருமையைக் கொடுத்துவிடும்.

ஒரு கிராம் தூளை 20 மில்லிலீற்றர் 80 வீத மெதனோலில் ஒரு நாள் ஊறவிட்டு வடியுங்கள். 3.9 மில்லிகிராம் டி.பி.பி.எச்.சை 100 மில்லிலீற்றர் மெதனோலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். அன்றன்றைக்குத்தான் கரைக்க வேண்டும். ஐதாக்கிய சாறு 1 பங்கு, கரைசல் 3 பங்கு, இருட்டில் 30 நிமிடம். ஊதா மஞ்சளை நோக்கிப் போகும். நிறமாலை ஒளிமானியில் 517 நானோமீற்றர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சலை வாசியுங்கள். சாற்றின் சொந்த நிறமும் அந்த வாசிப்பில் சேர்ந்துவிடும். கடும்பச்சை இலைக்கே இதனால் நட்டம். ஆகவே டி.பி.பி.எச். இல்லாமல் சாறும் மெதனோலும் மட்டும் கலந்து ஒரு வாசிப்பு எடுத்துக் கழித்துவிடுங்கள்.

இன்னொன்று. வல்லாரையில் பேர்பெற்ற ஏசியாற்றிகோசைட் திரைற்றேபீன் சப்போனின் வகைச் சேர்வை, பீனோல் அல்ல. டி.பி.பி.எச். அதை அநேகமாகக் கண்டுகொள்ளாது. எது நல்ல மருந்து என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி: நெல்லிக் கணுவை ஊடகத்தில் வைத்தால் இரண்டே நாளில் ஊடகம் கபிலமாகி, கணுவும் கறுக்கிறது. கிருமியா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பூஞ்சணமோ பால்போன்ற கலங்கலோ இல்லையென்றால் கிருமியாக இராது. வெட்டுவாயில் கசியும் பீனோல்கள் நொதியத்தால் ஒட்சியேறுகின்றன. முற்றிய கிளையை விட்டு இளந்தளிர்க் கணுவை எடுங்கள். வெட்டியதும் லீற்றருக்கு 100 மில்லிகிராம் அஸ்கோபிக் அமிலம் கரைத்த நீரில் அமிழ்த்துங்கள். முதல் சில நாள் இருட்டில் வைத்து, 2–3 நாளுக்கொருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுங்கள். உயிர்ப்பூட்டிய கரி லீற்றருக்கு 1–2 கிராமும் உதவும். ஆனால் அது ஊடகத்தில் சேர்த்த வளர்ச்சி ஓமோன்களையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தளிர் பெருக்கும் கட்டத்தில் வேண்டாம்.

கேள்வி: வல்லாரையைச் சம்பல் போடுவதா, வறை வறுப்பதா நல்லது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: விற்றமின் சி நிற்க வேண்டுமென்றால் சம்பல். இலையை முழுதாகக் கழுவி, சாப்பிடுவதற்குச் சற்று முன் அரிந்து, உடனே தேசிப்புளி விடுங்கள். அரிந்தபின் கழுவினால் சத்து தண்ணியோடு போய்விடும். பச்சையாகச் சாப்பிடுவதால் எங்கே ஆய்ந்த இலை என்பதும் முக்கியம். றோட்டோர வாய்க்காலில் ஆய வேண்டாம். மண்ணிலுள்ள ஈயத்தை வல்லாரை உறிஞ்சக்கூடியது. இழைக்குள் போன ஈயம் எத்தனை தரம் கழுவினாலும் போகாது.