சுவாவுக்கு வர யோசிக்கிற வேலணைத் தம்பிக்கு

தம்பி, பிஜியின் தலைநகர் சுவாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, கூடவே வகுப்பெடுக்கும் வேலையும் உண்டு, ஆனால் "சின்னத் தீவு, சின்ன யூனிவேர்சிற்றி, தனிச்சுப் போவேனோ, தமிழர் இருக்கினமோ" என்று கேட்டிருந்தீர். நான் வந்து பதினொரு வருசம், தெரிந்ததைச் சொல்கிறேன்.

உமக்கு இடம் கிடைத்த தென் பசிபிக் பல்கலைக்கழகம் பிஜிக்கு மட்டும் சொந்தமானது இல்லை. 1968 இல் தொடங்கியது, தொங்கா, சமோவா, துவாலு, வனுவாட்டு என்று 12 நாடுகளுக்குப் பொது. சட்டம் வனுவாட்டுவில், விவசாயம் சமோவாவில், பெரிய கம்பஸ் சுவாவில் லௌதாலாவில் (பலகையில் ஆங்கில 'C' போட்டு எழுதியிருக்கும், இங்கே அதைத் 'த' என்றுதான் வாசிப்பார்கள்). அதனால் கம்பஸில் நிறையப் பேர் உம்மைப்போல வீட்டை விட்டு வந்தவர்கள்தான். துவாலுப் பிள்ளைகள் விமானக் காசுக்குப் பயந்து வருசக்கணக்கில் ஊருக்குப் போகாமல் இருப்பார்கள். குறிகாட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நின்றவனுக்கு அது சொல்லாமலே விளங்கும்.

வகுப்புத்தான் முதலில் உம்மைக் குழப்பும். நான் கேள்வி கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒன்றும் விளங்கவில்லையாக்கும் என்று அதே பாடத்தை இரண்டாம் தரமும் நடத்தினேன், பிறகு விடைத்தாள் திருத்தும்போது பார்த்தால் எல்லாம் வடிவாக எழுதியிருக்கிறார்கள், எனக்குத்தான் வெட்கம். பலருக்கு ஆசிரியர் முன்னால், எல்லாரும் பார்க்க, முந்திக்கொண்டு பேசுவது மரியாதை இல்லை. பின்னேரம் யங்கோனா (கவாச் செடியின் வேரைத் தண்ணீரில் கரைத்த பானம்) சட்டியைச் சுற்றி, சிரட்டையில் அந்த மண்நிறத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருக்கும்போதுதான் கேள்விகள் வரும். கூப்பிட்டால் போம்.

மற்றத் தீவுகளில் இருந்து படிக்கும் ஒன்லைன் மாணவர்களோடு பொறுமை வேண்டும். 2022 ஜனவரியில் எரிமலை வெடித்துத் தொங்காவின் கடலடிக் கேபிள் அறுந்தபோது, வாரக்கணக்காக அங்கிருந்து ஒரு வரி வரவில்லை.

தமிழர்? 1903 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கவுண்டர், நாயுடு, பிள்ளை என்று பெயர் இருக்கும், தமிழில் கதைத்தால் சிரித்துவிட்டு பிஜி ஹிந்தியில் பதில் சொல்வார்கள். நாண்டியில் முருகன் கோயில், சுவாவில் தீமிதி எல்லாம் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத் தமிழ் கேட்க ஃபோன்தான், நாங்கள் ஆறரை மணித்தியாலம் முன்னுக்கு, அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது உமக்கு நடுச்சாமம் தாண்டியிருக்கும்.

சரி, குடை நல்லதாக வாங்கும், சுவாவில் மழை விடாது. அம்மா தாற மிளகாய்த்தூளை எயார்போட்டில் மறைக்காமல் படிவத்தில் எழுதிக் காட்டும், இங்கே அதில் சரியான இறுக்கம்.