பிரெட் மாவில் செய்யும் டின்னர் ரோல் ஏன் கெட்டியாகிறது?

பிரெட்டுக்குப் பிசைந்த மாவையே உருட்டிச் சுட்டால் டின்னர் ரோல், அதாவது சாப்பாட்டோடு பரிமாறும் சின்ன உருண்டை பன், கெட்டியாக வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் உருட்டிய பிறகு இரண்டாவது தடவை போதுமான அளவு உப்ப விடாததுதான் காரணம்.

500 கிராம் மைதாவுக்கு 300 மி.லி. வெதுவெதுப்பான பால், 40 கிராம் சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், 9 கிராம் உப்பு, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பத்து நிமிடம் பிசைந்து மூடி வைத்து, மாவு இருமடங்கானதும் காற்றை அமுக்கி எடுத்துவிட்டு, 60 கிராம் துண்டுகளாக எடை போட்டுப் பிரித்தெடுங்கள். கண்ணளவு வேண்டவே வேண்டாம். பெரியது வேகுமுன் சிறியது காய்ந்துவிடும்.

உருட்டும்போது மேசையில் மாவு தூவாதீர்கள். ஓரங்களை அடியில் சேர்த்துக் கிள்ளி, உள்ளங்கையைக் குவித்து வட்டமாகச் சுழற்றுங்கள். அடிப்பக்கம் மேசையில் லேசாக ஒட்டுவதால் மேல்தோல் இழுபட்டு வழவழப்பாகும். அந்த இழுப்பு இல்லாவிட்டால் ரோல் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் பரந்துவிடும்.

ஒரு விரல் இடைவெளியில் அடுக்கி, மூடி, 40 நிமிடம் வையுங்கள். குளிர்ந்த அறையில் ஒரு மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள்: அழுத்திய பள்ளம் சட்டென்று மீண்டால் இன்னும் பொறுக்க வேண்டும், மெதுவாகப் பாதி மீண்டால் சுடலாம். 190 டிகிரி செல்சியஸில் 18 முதல் 20 நிமிடம். எடுத்தவுடன் வெண்ணெய் தடவித் துணியால் மூடினால் மேல்தோல் மென்மையாகிவிடும்.