கோயில் மண்டபத்துக்குத் தீ இடர் மதிப்பீடு: யாரை அழைப்பது?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயிலை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. கல்யாணம், கருமாதி, புரட்டாசி பூஜை, சங்கக் கூட்டம் எல்லாம் அங்கேதான். இந்த வருடம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கப் போனால், தகுதியுள்ள ஒருவரிடமிருந்து தீ இடர் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி வரச் சொல்கிறார்கள். மூன்று பேரிடம் விலை கேட்டோம். எங்கள் தீயணைப்பான்களை சர்வீஸ் செய்யும் கம்பெனி இலவசமாகவே செய்து தருகிறோம் என்கிறது. இன்னொருவர் 4,500 ராண்டு. ஒரு இன்ஜினியர் 22,000 ராண்டு. மூவருமே ‘சர்ட்டிஃபைட்’ என்கிறார்கள். செயற்குழுவில் பாதிப் பேர் இலவசத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். என்ன செய்வது? — சங்கச் செயலாளர்

செயலாளர் ஐயா, மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் கியாஸ் இணைப்பவருக்குப் பதிவு உண்டு, கரண்ட் வேலை பார்ப்பவருக்குப் பதிவு உண்டு, தீயணைப்பானைத் திறந்து சர்வீஸ் செய்பவருக்கும் பதிவு உண்டு. ஆனால் உங்களுடையது போன்ற சாதாரணக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துத் தீ இடரை மதிப்பிடுகிறவருக்கென்று தனியாக ஒரு அரசு உரிமம் கிடையாது. இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவரும், தீயணைப்புத் துறையில் இருபது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ளலாம். அதனால் ‘சர்ட்டிஃபிகேட் இருக்கிறதா’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘எந்த வேலைக்கு?’ என்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு காரியம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ உங்கள் புரோக்கருக்கோ ஒரு ஈமெயில் போட்டு, ‘தகுதியுள்ளவர்’ என்றால் யாரை ஏற்பீர்கள், அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். பணத்தைக் கட்டி அறிக்கையை வாங்கிய பிறகு, இவரை ஏற்க மாட்டோம் என்ற பதில் வந்த சங்கங்களை எனக்குத் தெரியும்.

இப்போது இலவசக்காரர். அவருடைய ஆள் காட்டும் அட்டை பெரும்பாலும், தீயணைப்புக் கருவி வேலை செய்பவர்களைப் பதிவு செய்யும் எஸ்.ஏ.கியூ.சி.சி. ஃபயர் அமைப்பின் 1475 பதிவாக இருக்கும். அசல் அட்டைதான், மதிப்புள்ளதுதான். சான்ஸ் 1475 என்ற தரவிதியின்படி தீயணைப்பானை சர்வீஸ் செய்ய அந்த ஆளுக்குத் தகுதி உண்டு என்று அது சொல்கிறது. வருடம் ஒருமுறை சர்வீஸ், உலர்தூள் வகைக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை, கார்பன் டை ஆக்சைடு வகைக்குப் பத்து வருடம் என்று அவர் கணக்காகச் செய்வார். அந்த வேலைக்கு அவரையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் காரில் பிரேக் மாற்றத் தெரிந்தவரிடம் எந்த இடத்தில் ரோடு போடலாம் என்று கேட்பீர்களா? சிவப்பு உருளை விற்கிறவர் கட்டடத்தைப் பார்த்தால் சிவப்பு உருளை இல்லாத சுவர்கள்தான் கண்ணில் படும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘இன்னும் எட்டு தீயணைப்பான் தேவை’ என்று விலையோடு வந்து நிற்கும். அவர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது. மதிப்பிடுகிறவரும் பொருள் விற்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

உங்கள் மண்டபத்தில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்த்தால், எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பது தானாகப் புரியும்.

தேசியக் கட்டட விதிமுறைகளுக்கான சான்ஸ் 10400 கட்டடங்களைப் பயன்பாட்டை வைத்து வகை பிரிக்கிறது. வழிபாட்டு இடம் ஏ4. கூடி உண்டு, குடித்து, ஆடிப் பாடும் இடம் ஏ1. கோயில் ஏ4 என்பதில் சந்தேகமில்லை. பக்கத்து மண்டபம்? பழைய வரைபடத்தில் அதுவும் கோயிலோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கலாம், ஆனால் சனிக்கிழமை ராத்திரி டிஜே வைத்துக் கல்யாண வரவேற்பு நடக்கும்போது அது என்ன? இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்காத ஆளுக்கு 4,500 ராண்டும் அதிகம். நிலையான இருக்கை இல்லாத இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒருவர் என்று ஆள்கணக்குப் போடுகிறது அந்த விதி. 300 சதுர மீட்டர் மண்டபம் என்றால் 300 பேர். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு 300 பேரோடு நிறுத்துகிறவர் யார்? வெளியேறும் கதவுகளின் எண்ணிக்கை, அகலம், அவை எந்தப் பக்கம் திறக்கின்றன என்பதெல்லாம் இந்த ஆள்கணக்கிலிருந்துதான் வருகிறது.

கதவைப் பற்றி சாட்ஸ்வொர்த் ஆட்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2000ஆம் வருடம் மார்ச் 24 அன்று த்ராப் கேளிக்கை விடுதியில் என்ன நடந்தது என்று உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே தீயே இல்லை. யாரோ கண்ணீர்ப்புகைக் குப்பியைத் திறந்துவிட, வெளியே ஓடிய நெரிசலில் 13 பிள்ளைகள் உயிரிழந்தார்கள். கூட்டம் பயந்து ஓடும்போது உயிரைத் தீர்மானிப்பது சுவரில் தொங்கும் உருளை அல்ல, வெளியே போகும் வழிதான். அந்த வழியில்தான் உங்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலான மண்டபங்களில் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது பூசாரி. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த குருக்களைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறையில் தங்க வைக்கிறோம். ராத்திரி ஒரு மனிதர் தூங்கும் கட்டடம் என்றால் மதிப்பீடே மாறிவிடுகிறது. விழித்திருப்பவர் புகையை முகர்ந்துவிடுவார், தூங்குகிறவர் எழமாட்டார். அந்த அறைக்குப் புகை உணரி உண்டா, ஜன்னல் கம்பி உள்ளிருந்து திறக்குமா, சமையல்கட்டைத் தாண்டித்தான் வெளியே வர முடியுமா? திருட்டுக்குப் பயந்து நாம் போடும் கம்பிக் கதவுகள் தீ வந்தால் கூண்டாகிவிடும். சாவி யாரிடம்?

சமையல்கட்டில் அண்டாவுக்குக் கீழே எரியும் பெரிய கியாஸ் அடுப்புகள், ஹோம குண்டம், கற்பூரம், எண்ணெய் விளக்கு, மேலே தொங்கும் அலங்காரத் துணி எல்லாம் நமக்குப் பழகிப்போனவை. லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் அவசரமாக வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்த இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் புதிது. யார் இணைத்தது, கரண்ட் சான்றிதழ் அதற்குப் பிறகு புதுப்பித்தீர்களா? மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள இடத்துக்கு ஒற்றை ஃபேஸ் சோதனையாளர் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது, இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியன் அல்லது மாஸ்டர் இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியன் வேண்டும். கியாஸுக்கு, அந்த வேலைக்கான பதிவு அமைப்பான எஸ்.ஏ.கியூ.சி.சி. கியாஸில் பதிவானவர் தந்த சான்றிதழ். நல்ல மதிப்பீட்டாளர் இவற்றைத் தானே செய்ய மாட்டார், ஆனால் காகிதத்தைக் கேட்டு வாங்கி, யார் கையெழுத்து என்று பார்ப்பார்.

இன்ஜினியர் விஷயம். ஈக்சா என்கிற பொறியியல் மன்றத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், எண்ணைக் கேட்டு வாங்கித் தேடுங்கள். ஆனால் பதிவுள்ள இன்ஜினியர் எல்லாரும் தீ தெரிந்தவர் அல்ல, பாலம் கட்டுகிறவரும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறார். விதியில் சொன்ன அளவுகளை உங்கள் கட்டடத்தால் நிறைவேற்ற முடியாமல், வேறு வழியில் அதே பாதுகாப்பு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு நகராட்சியிடம் நிரூபிக்க வேண்டி வந்தால் தீப் பொறியியலில் தேர்ந்தவர் கட்டாயம் வேண்டும். ஒரு தளமுள்ள மண்டபத்துக்கு அந்த நிலை வராமலே போகலாம். முதல் மதிப்பீட்டுக்கே 22,000 கொடுப்பதற்கு முன், அந்தத் தொகையில் என்ன அடங்கும் என்று அவரிடம் கேளுங்கள். வரைபடத்தைப் புதிதாக வரைந்து தருவதும் சேர்த்தி என்றால் அது அதிக விலையே அல்ல.

ஆக, 4,500 ராண்டுக்காரரைத் தள்ளிவிட வேண்டாம். முன்பு தீயணைப்புத் துறையில் தடுப்புப் பிரிவில் இருந்தவர்கள், எஃப்.பி.ஏ.எஸ்.ஏ. எனப்படும் தீப் பாதுகாப்புச் சங்கத்தில் பயின்று மண்டபம், பள்ளிக்கூடம் என்று பார்த்துப் பழகியவர்கள் இந்த விலையில் கிடைப்பார்கள். கம்பெனியின் பெயரை விடுங்கள், கட்டடத்துக்குள் நடக்கப் போகும் ஆள் யார், கையெழுத்துப் போடுகிறவர் அவரேதானா, தன் வேலையில் தவறு நேர்ந்தால் ஈடு தரும் தொழில் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, வேறொரு மண்டபத்துக்கு எழுதிய பழைய அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதை வைத்தே பாதி தெரிந்துவிடும். ஒருமுறை என்னிடம் கருத்துக் கேட்டு வந்த அறிக்கையில் ‘லிஃப்ட் அறை சுத்தமாக உள்ளது’ என்று இருந்தது. ஒரே தளமுள்ள கட்டடம். வேறு எங்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

நல்ல அறிக்கையில் உங்கள் சுவர், உங்கள் கதவு, உங்கள் அடுப்பு படத்தோடு இருக்கும். எதை நாளைக்கே செய்ய வேண்டும், எது மூன்று மாதம் பொறுக்கும் என்று பிரித்திருக்கும். எதைப் பார்க்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கும், சீலிங்குக்கு மேலே ஏறவில்லை என்றால் ஏறவில்லை என்று. எல்லாம் நூற்றுக்கு நூறு சரி என்று வந்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். கருவி இருக்கிறதா என்பதோடு நிற்காமல் அது வேலை செய்கிறதா என்று திறந்து பார்த்தாரா என்பதும் முக்கியம். 2022 ஜனவரியில் கேப்டவுனில் நாடாளுமன்றமே எரிந்தபோது, தண்ணீர்த் தெளிப்பான் இருந்தது, அதன் வால்வு மூடிக்கிடந்தது. உங்கள் ஹோஸ் ரீலை அவர் இழுத்துப் பார்த்துத் தண்ணீர் விட்டாரா?

நகராட்சியிடம் ஒப்புதல் பெற்ற வரைபடமும், கட்டடத்தைப் பயன்படுத்தலாம் என்று நகராட்சி தரும் சான்றிதழும் உங்களிடம் இருந்தால் எடுத்து வையுங்கள். பின்பக்கம் பிறகு தகரம் போட்டுச் சேர்த்த சமையல் கொட்டகை அந்த வரைபடத்தில் இல்லை என்றால் ஒளிக்க வேண்டாம். மதிப்பீட்டாளரிடம் மறைத்தது இன்ஷூரன்ஸ் கோரும் நாளில் வெளியே வரும். ஈதெக்வினி (டர்பன் நகராட்சி) தீயணைப்புத் துறை அதிகாரியை நீங்களே அழைத்துக் காட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாக. ஆனால் அவர் பார்ப்பது சட்டம் மீறப்பட்டதா என்பதை, இன்ஷூரன்ஸ் கேட்கும் மதிப்பீட்டுக்கு அது ஈடாகாது.

மதிப்பீட்டாளரை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மண்டபம் காலியாகக் கழுவி விட்டிருக்கும்போது வரச் சொல்லாதீர்கள். அடுத்த கல்யாணத்தன்று மாலை, சாப்பாட்டுப் பந்தி நடக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். வர மறுத்தால் அடுத்தவரை அழையுங்கள். வந்தால் முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள், பின்வாசல் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சாப்பிடட்டும்.