கம்பெனி கட்டும் ஃபீஸ் யாருக்கு?

கேள்வி: என் கணவருக்குக் கோலாலம்பூரில் மூன்று வருட வேலை. ஜூன் மாதம் குடும்பத்தோடு கிளம்புகிறோம். மகள் எட்டாம் வகுப்பும் மகன் இரண்டாம் வகுப்பும் முடிக்கிறார்கள். கம்பெனி ஒரு பிள்ளைக்கு மட்டும் முழு ஸ்கூல் ஃபீஸ் தரும். அதில் மகனை பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். ஆலிஸ் ஸ்மித், கார்டன் இன்டர்நேஷனல் இரண்டில் எது நல்லது? மகளை அங்குள்ள சிபிஎஸ்இ பள்ளியில் சேர்த்துவிடுவோம். அவள் எதற்கும் அட்ஜஸ்ட் செய்துகொள்வாள். சென்னையிலிருந்து இங்கே வந்தபோதும் மூன்றாம் வகுப்பில் புதிதாகக் கன்னடம் ஆரம்பித்தாள், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: நீங்கள் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டுமே பழைய பள்ளிகள். ஆலிஸ் ஸ்மித் 1946இல் தொடங்கியது, கார்டன் 1951இல். ஆலிஸ் ஸ்மித்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வளாகம், பெரிய பிள்ளைகளுக்கு நகரத்துக்குத் தெற்கே வேறு வளாகம். கார்டன் இருப்பது மோன்ட் கியாராவில். ஏழு வயதுப் பையனுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது போதும்.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் மகனுக்கு நீச்சல் குளம், பியானோ வகுப்பு, கால்பந்து மைதானம் என்று பக்கம் பக்கமாக விசாரணை. மகளுக்கு மூன்றே வரி. அந்த மூன்று வரியும் அவள் எவ்வளவு செலவில்லாத பிள்ளை என்று சொல்கிற வரிகள்.

துபாய் போகிறவர்களும் சிங்கப்பூர் போகிறவர்களும் இதே கடிதத்தை எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஊர்தான் வேறு, விட்டுக்கொடுக்க வேண்டிய பிள்ளை எப்போதும் ஒரே பிள்ளைதான். எட்டு வயதுக் குழந்தை, புது ஊர், புது எழுத்து. முணுமுணுக்கவில்லை என்றால் கஷ்டமே இல்லை என்று அர்த்தமா? சொல்லிப் பயனில்லை என்று அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளைக்குத் தட்டு நிறைகிறது, கேட்காத பிள்ளைக்கு 'நல்ல பொண்ணு' என்ற பட்டம் கிடைக்கிறது. நாளைக்கு உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அவள்தான் லீவு போட்டுவிட்டு ஓடி வருவாள் என்பது உங்களுக்கும் தெரியும். அதையும் அட்ஜஸ்ட் செய்துகொள்வாள் என்றுதானே நினைத்திருக்கிறீர்கள்?

சரி, நியாயம் பேசினால் உங்கள் கணவர் கேட்க மாட்டார் என்றால் கணக்குப் பேசலாம். அங்கே வகுப்பு ஏற ஏற ஃபீஸும் ஏறும். ஒரு பிள்ளைக்கு முழு ஃபீஸ் என்றால், ஃபீஸ் அதிகமாக இருக்கும் மகளுக்கு அதை வாங்குவதுதானே லாபம்?

அடுத்து, மூன்று வருடத்தையும் எண்ணிப் பாருங்கள். ஜூனில் போகிற மகள் சிபிஎஸ்இயில் ஒன்பது, பத்து, பதினொன்று படித்துவிட்டு, பன்னிரண்டு தொடங்கிய இரண்டே மாதத்தில் பெங்களூருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பள்ளி மாற்றுவது எத்தனை சிக்கல் என்று எந்தப் பள்ளி அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் பள்ளியில் அவள் வயதுக்கு இயர் 9இல் சேர்வாள். ஒரு வருடம் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும், பிறகு இயர் 10, 11 இரண்டும் ஐஜிசிஎஸ்இ, அதாவது நம் பத்தாம் வகுப்புக்கு இணையான பிரிட்டிஷ் தேர்வுக்கான படிப்பு. மூன்றாவது வருடம் மே, ஜூனில் தேர்வை முடித்துவிட்டு, இங்கே பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிடலாம். உங்கள் வீட்டில் அந்தப் பாடத்திட்டம் அளவெடுத்தாற்போல் பொருந்துவது அவளுக்குத்தான்.

சிபிஎஸ்இ மட்டம் என்று நான் சொல்லவே இல்லை. 'மகளுக்கு டாக்டர் ஆசை, அதனால் அங்கே சேர்க்கிறோம்' என்று எழுதியிருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன். அவள் ஆசை என்ன என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லையே! பையனைத் தாராளமாக அந்த இந்தியப் பள்ளியில் சேருங்கள். மூன்று, நான்கு, ஐந்து படித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குத் திரும்புகிறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இருவரும் ஒரே பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்றால், ஃபீஸ் குறைந்த பிரிட்டிஷ் பள்ளிகளும் கோலாலம்பூரில் உண்டு. நீச்சல் குளம் கொஞ்சம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான்.

கம்பெனியிடம் சில விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், டெபாசிட் எல்லாம் அவர்கள் சொல்லும் 'முழு ஃபீஸில்' வருமா? 2025 ஜூலை முதல், வருடத்துக்கு 60,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் தனியார் பள்ளிகளில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் ஃபீஸுக்கு 6 சதவிகித சேவை வரி உண்டு. அதை யார் கட்டுவது?

மகளைச் சேர்க்கும்போது இன்னொன்று. ஐஜிசிஎஸ்இக்கு என்னென்ன பாடம் என்பதை இயர் 9 முடிவதற்குள் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். திரும்பி வந்து சயின்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் தனித்தனியாக எடுக்கட்டும். எதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தேர்வு முடிவு வருவது ஆகஸ்டில். பெங்களூரில் அதற்கு முன்பே வகுப்புகள் தொடங்கிவிடும். பள்ளி தரும் உத்தேச கிரேடை வைத்து எந்தெந்தப் பி.யூ. கல்லூரிகள் (கர்நாடகத்தில் பதினொன்று, பன்னிரண்டு நடத்துபவை) இடம் கொடுக்கின்றன என்பதை விமானம் ஏறும் முன்பே விசாரித்து வையுங்கள்.