கஞ்சா எண்ணெயும் தம்பியின் மாத்திரையும்

வணக்கம் சார்,

மெல்போர்னில் இருந்து எழுதுகிறேன். என் தம்பியும் என்னோடுதான் இருக்கிறான். 29 வயது, ஐடி வேலை. மனச்சோர்வுக்காக இரண்டு வருடமாக எஸிட்டாலோபிராம் சாப்பிடுகிறான். “அழுகை நின்றுவிட்டது, கூடவே சிரிப்பும் நின்றுவிட்டது” என்பான். சில மாதங்களுக்கு முன் இணையத்தில் ஒரு கிளினிக்கைப் பிடித்து மருத்துவக் கஞ்சா வாங்க ஆரம்பித்தான். வீடியோவில் சில நிமிடப் பேச்சு, பிறகு கூரியரில் டப்பா வந்துவிடுகிறது. பகலில் எண்ணெய், இரவில் கருவியில் வைத்து ஆவியாக இழுக்கும் பூ. நன்றாகத் தூங்குகிறான், பேசுகிறான். இனி மாத்திரை வேண்டாம், நிறுத்தப்போகிறேன் என்கிறான். சித்தர்கள் சிவமூலி என்று கொண்டாடியதைத்தான் வெள்ளைக்காரன் இப்போது கண்டுபிடிக்கிறான் என்று வாதம் வேறு. எனக்குப் பயம்தான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் தடுக்க மனம் வரவில்லை. மனச்சோர்வுக்குக் கஞ்சா மருந்தா? பொங்கலுக்கு ஊருக்கு வருகிறோம், எண்ணெயைக் கொண்டுவரலாமா?

எஸ். கே.

*

அன்புள்ள எஸ். கே.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கொண்டுவராதீர்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாப் பூவும் பிசினும் அவை கலந்த எதுவும் அடக்கம். பூவோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வரவில்லை. வடக்கே பாங் கடைகள் நடப்பது அதனால்தான். ஆஸ்திரேலியச் சீட்டைக் காட்டி சென்னை விமான நிலையத்தில் வாதாட வேண்டிய நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

இனி தம்பி விஷயம். நான் மருத்துவன் அல்லன். மருத்துவ ஆய்வுகளைப் படித்துத் தமிழில் எழுதுகிறவன், அவ்வளவுதான்.

அவருக்குக் கிடைத்திருக்கும் நிம்மதி பொய் என்று சொல்லமாட்டேன். மனச்சோர்வு விலகியதால் வந்த நிம்மதியா என்பதுதான் கேள்வி. இதற்கு ஆய்வுகளில் பதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. மனநோய்களுக்குக் கஞ்சா மருந்துகள் உதவுமா என்று அதுவரை நடந்த 83 ஆய்வுகளைத் திரட்டி, உங்கள் ஊர் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களே 2019-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் எழுதினார்கள். அவற்றில் மனச்சோர்வை அளந்த, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய சோதனைகள் 23. ஆனால் ஒன்றில்கூட மனச்சோர்வு முதன்மை நோயாக இல்லை. பெரும்பாலும் தீராத வலி உள்ளவர்கள், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள். அவர்களுக்கு வலிக்காகக் கொடுத்துவிட்டு, போகிறபோக்கில் மனநிலையையும் கேட்டுக் குறித்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளிலும் மனச்சோர்வு குறைந்ததாகத் தெரியவில்லை. கஞ்சா பலிக்காது என்று இதை வைத்து நிரூபித்துவிட முடியாது. உங்கள் தம்பி மாதிரி ஒருவரிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்க்காமலேயே விற்பனைக்கு வந்துவிட்டது என்பதுதான் நிலவரம். இதே செடியிலிருந்து எடுத்த கன்னாபிடியால் (சி.பி.டி.) என்ற மருந்து அரிய வகை வலிப்பு நோய்களுக்கு முறையாகச் சோதிக்கப்பட்டு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, செடியின் மீது யாருக்கும் பகையில்லை.

சிகாகோவில் ஒரு சோதனை செய்தார்கள், 2017-இல் வெளியானது. ஆரோக்கியமான 42 பேர். சிலருக்கு, கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. 7.5 மில்லிகிராம் மாத்திரை, சிலருக்கு 12.5, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. பிறகு வேலைக்கான நேர்காணல் மாதிரி ஒன்று. எதிரே இருப்பவர்கள் தலையசைக்கக்கூட மாட்டார்கள். பேசுகிறவரின் முகமே அவர் முன்னால் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அது முடிந்ததும் ஒரு பெரிய எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். யாருக்கும் வியர்க்கும். 7.5 எடுத்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. 12.5 எடுத்தவர்களுக்கோ நேர்காணல் தொடங்கும் முன்பே மனம் கெட்டுப்போனது. இடைவெளி வெறும் 5 மில்லிகிராம். உங்கள் வீட்டு டப்பாவை எடுத்துப் பாருங்கள். 20 சதவீதம் என்று போட்டிருந்தால் கால் கிராம் பூவில் 50 மில்லிகிராம் இருக்கிறது. அதில் எவ்வளவு உள்ளே போகும் என்பது இழுக்கிறவரின் மூச்சைப் பொறுத்தது. மாத்திரையையும் ஆவியையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இந்த அளவு வித்தியாசத்தில் மனநிலையே தலைகீழாகும் ஒரு பொருளை உத்தேசமாக இழுத்துப் பார்த்துக் கொள்வது எப்படிச் சிகிச்சையாகும்?

எனக்கு அதைவிடக் கவலை தரும் விஷயம் இன்னொன்று. தினமும் எடுப்பவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, மனம் தளர்தல் எல்லாம் வரும். முதல் வாரம்தான் மோசம். மனச்சோர்வு உள்ளவருக்கு இது எப்படித் தோன்றும்? பழைய நோய் திரும்பிவிட்டது என்றுதான். மறுபடி இழுப்பார், சரியாகும். ‘பார்த்தாயா, இதுதான் எனக்கு மருந்து’ என்பார். அவர் சொல்வது அவர் அனுபவத்தில் உண்மையே. ஆனால் சரியானது நோயா, விட்டதனால் வந்த தவிப்பா என்று அவராலும் சொல்ல முடியாது, பக்கத்தில் இருக்கும் உங்களாலும் முடியாது.

மூளையில் டி.எச்.சி. போய் ஒட்டும் ஏற்பிகளை அடைத்துவிடும் ரிமோனபன்ட் என்ற மாத்திரையை 2006-இல் ஐரோப்பாவில் உடல் பருமனுக்காக விற்றார்கள். எடை குறைந்தது. கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008-இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடைத்தால் சோர்வு வருகிறதென்றால் தூண்டினால் போகுமே என்று தோன்றும். எனக்கும் அந்தத் தர்க்கம் கவர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் புகைத்தவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தால், அதே ஏற்பிகள் மூளையின் மேலுறையில் சுமார் 20 சதவீதம் குறைந்திருக்கின்றன. சுமார் நான்கு வாரம் விட்டிருந்தால் பழைய நிலைக்கு வருகின்றன. தினசரிப் பழக்கம் எந்தத் திசையில் இழுக்கிறது என்று நீங்களே யோசியுங்கள்.

சித்தர்கள் விஷயத்துக்கு ஒரு வரி போதும். அவர்கள் பக்குவப்படுத்தி லேகியத்தில் அளவாகச் சேர்த்ததும், மெல்போர்னில் ஆவியாக இழுக்கும் பூவும் ஒன்றல்ல. கஞ்சாவைப் பழிக்கும் எதிர்த்தரப்பும் யோக்கியமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கஞ்சாவால் பைத்தியம் பிடிக்கிறதா என்று விசாரிக்க 1893-இல் இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு ஒரு குழு போட்டது. மனநோய் விடுதிப் பதிவேடுகளைக் குழு தோண்டிப் பார்த்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘கஞ்சா’ என்று இருந்த பல பதிவுகளுக்கு ஆதாரம், ஆளைக் கொண்டுவந்த போலீஸ் எழுதிக்கொடுத்த காகிதம்தான். அன்றைக்குக் கெட்டதற்கெல்லாம் கஞ்சா காரணம். இன்றைக்குக் குணமானதற்கெல்லாம் கஞ்சா காரணம்.

கிளினிக் பற்றி. உங்கள் ஊரில் மருத்துவர்களைக் கண்காணிக்கும் ஆப்ரா அமைப்பு 2025 ஜூலையில் ஒரு தகவல் வெளியிட்டது. ஆறு மாதத்தில் 10,000-க்கு மேல் கஞ்சாச் சீட்டு எழுதியவர்கள் எட்டுப் பேர். ஒருவர் 17,000-ஐத் தாண்டியிருக்கிறார். வேலைநாள் கணக்கில் நாளுக்கு 130. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று சீட்டு எழுதியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும் அவர் யார் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்திருப்பார்?

மாத்திரையைச் சட்டென்று நிறுத்த மட்டும் விடாதீர்கள். தலைசுற்றல், பதற்றம், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரும். பகல் எண்ணெயில் சி.பி.டி. இருந்தால், அது எஸிட்டாலோபிராம் வகை மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். ஆகவே அவர் எதைக் குறைத்தாலும் கூட்டினாலும் ஜி.பி.க்கு, அதாவது உங்கள் குடும்ப மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். முதல் மருந்திலேயே முழுக்கத் தேறுகிறவர்கள் சுமார் மூன்றில் ஒருவர்தான். சிரிப்பு நின்றுபோனது மருத்துவர்கள் நன்றாக அறிந்த பக்கவிளைவு. அளவைக் குறைப்பார்கள், வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். உளவியல் ஆலோசனைக்கு ஆண்டுக்குப் பத்து அமர்வு வரை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் உதவித்தொகை உண்டு. “சிரிப்பு வரவில்லை” என்பதை அவர் உங்களிடம் சொன்ன அதே சொற்களில் மருத்துவரிடம் சொன்னாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லியிருக்கமாட்டார்.

இன்னொன்று, ஊருக்கு வரும்போது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியது. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவ நோயோ இருந்ததா? டி.எச்.சி. மிக ஆபத்தாவது அந்த இடத்தில்தான். நம் வீடுகளில் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பதில் வராது. சாமியாராகப் போன பெரியப்பா, கல்யாணமே செய்துகொள்ளாத அத்தை, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் இருந்துவிட்ட மாமா என்று ஆள் ஆளாகக் கேளுங்கள். கிடைக்கும் விவரத்தை ஜி.பி.யிடம் சொல்லுங்கள். வீடியோ கிளினிக்கிலும் சொல்லுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.