லேப்டாப் அடிபட்டால்: சரிசெய்வதா, பிரித்தெடுப்பதா, மறுசுழற்சிக்குக் கொடுப்பதா?

உடைந்தது, நனைந்தது, உப்பியது என்று கேள்விகள் பல விதம். எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைச் சர்க்யூட் பலகையான மதர்போர்டு உயிரோடு இருக்கிறதா என்பது. போர்டு நன்றாக இருந்தால் மற்ற எல்லாமே மாற்றக்கூடிய பாகங்கள்தாம். போர்டு போயிருந்தால் கணக்கே வேறு.

கீபோர்டில் டீ கொட்டிவிட்டது. அரிசி டப்பாவில் இரண்டு நாள் வைத்து எடுத்தோம். இப்போது ஓடுகிறது. இனி பயமில்லையே?

பயம் இனிமேல்தான். அரிசி ஈரத்தையே அவ்வளவாக இழுப்பதில்லை. டீயில் உள்ள சர்க்கரையையும் பாலையும் அது தொடவே தொடாது. அவை போர்டில் படிந்து காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பை ஆஃப் செய்தாலும், பேட்டரி இணைந்திருக்கும்வரை போர்டின் சில தடங்களில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஈரத்தோடு அது சேரும்போது செம்பு அரிக்கிறது. அரித்த இடம் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். "நனைந்து ஒரு மாதம் நன்றாக ஓடியது, திடீரென்று செத்துவிட்டது" என்று சொல்பவர்களின் லேப்டாப்பில் நடந்தது இதுதான்.

பின்மூடியைக் கழற்றி முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். தனியாகப் பட்டன் செல் இருந்தால் அதையும். கறை பட்ட இடத்தை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது, அதனால்தான் முதலில் தண்ணீர். பிறகு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுத் தேய்த்தால் தங்கிய தண்ணீரையும் அது இழுத்துக்கொண்டு போகும். ஒரு முழு நாள் ஃபேன் காற்றில் விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்: ஈரத்தைச் சிப்புக்கு அடியில் தள்ளும், பிளாஸ்டிக் கனெக்டரை நெளிக்கும்.

டிஸ்ப்ளே கேபிள் போர்டில் செருகும் இடத்தை இரண்டு முறை சுத்தம் செய்யுங்கள். திரையின் பேக்லைட்டுக்குப் போகும் அதிக வோல்டேஜும், பிராசசரிலிருந்து வரும் மிகக் குறைந்த வோல்டேஜ் தரவுத் தடங்களும் அதே கனெக்டரில்தான் இருக்கின்றன. அங்கே கசிந்தால் சாவது கேபிள் அல்ல, பிராசசர். கீபோர்டைக் கழுவிப் பயனில்லை, புதிது போடுங்கள். உங்கள் மாடலில் அது ரிவெட் அடித்துப் பதித்ததா, ஸ்குரூ போட்டதா என்று முதலில் பாருங்கள். ரிவெட் என்றால் மேல்தட்டோடு சேர்த்து வாங்குவதே நல்லது, கூலி மிச்சமாகும்.

இந்த நிமிடம்தான் கொட்டியது என்பவர்களுக்கு: சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடித்து அணைத்து, கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்யாதீர்கள்.

திரையில் கோடு கோடாக வருகிறது. டிஸ்ப்ளே மாற்ற வேண்டுமா?

ஹெச்.டி.எம்.ஐ. கேபிளால் டி.வி.யில் இணைத்துப் பாருங்கள். டி.வி.யிலும் கோடு வந்தால் கோளாறு போர்டில். டிஸ்ப்ளே வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். டி.வி.யில் சுத்தமாக வந்து, மூடியை ஆட்டும்போது கோடு மாறினால் கேபிள். அது மலிவு. ஆட்டினாலும் கோடு அசையாமல் நின்றால் பேனல், அதாவது திரைத் தகடு.

பேனலை லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகைப் பேனல் வரும். பழைய பேனலைக் கழற்றி, முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அளவு, ரெசல்யூஷன், கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, ஸ்குரூ காது உண்டா இல்லையா: நான்கும் பொருந்த வேண்டும்.

மூடியைத் திறந்தால் 'கடக்' என்கிறது, ஓரம் பிளந்துவிட்டது. ஃபெவிக்விக் போதுமா?

போதாது. பெரும்பாலும் உடைவது கீல் அல்ல. கீலின் ஸ்குரூவைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டு பிளாஸ்டிக்கிலிருந்து பிய்ந்து வந்திருக்கும். கீல் இறுகிப்போனதுதான் மூலகாரணம். அதைச் சற்றுத் தளர்த்தாமல் எதை ஒட்டினாலும் திரும்பப் பிய்யும். தளர்த்திவிட்டு, இரண்டு பகுதி எபாக்ஸியால் நட்டைப் பதித்து 24 மணி நேரம் விடுங்கள். பிளாஸ்டிக் நொறுங்கியிருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் மேல்மூடி 'ஏ', திரையைச் சுற்றிய சட்டம் 'பி', கீபோர்டுத் தட்டு 'சி', அடிப்பாகம் 'டி'. எழுத்தைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் வராது. அதுவரை திறந்து மூடாதீர்கள். அடுத்து கிழிவது டிஸ்ப்ளே கேபிள்.

"போர்டு போச்சு, மாற்றணும்" என்கிறார்கள். ஆறு வருடப் பழசு. செலவு செய்யலாமா?

எதை அளந்து அப்படிச் சொன்னார்கள் என்று கேளுங்கள். சார்ஜர் வோல்டேஜ், டிசி ஜாக் (சார்ஜர் செருகும் துளை), மெயின் லைன் ஷார்ட் ஆகிய மூன்றையும் மல்டிமீட்டரால் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். 19 வோல்ட் லைனில் ஒரு சிறு செராமிக் கெபாசிட்டர் ஷார்ட் ஆனாலே லேப்டாப் பிணம் போலக் கிடக்கும். அந்த ஒன்றை எடுத்தால் எழுந்துவிடும். இதைச் செய்பவர் சிப் லெவல் சர்வீஸ்காரர். போர்டை அப்படியே மாற்றித் தருபவர் வேறு. இரண்டாவது ஆளிடம் போய்விட்டு முதலாமவரின் பதிலை எதிர்பார்க்கக் கூடாது.

சிப்பைச் சூடுகாட்டி 'ரீஃப்ளோ' செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிராஃபிக்ஸ் சிப்பில் பெரும்பாலும் கெடுவது போர்டோடு சேரும் ஈயம் அல்ல, சிப்புக்கு உள்ளே இருக்கும் இணைப்பு. சூட்டில் தற்காலிகமாகப் பிடிக்கும், பிறகு விடும்.

அதே மாடல் செகண்ட்ஹேண்டில் என்ன விலை போகிறதோ, அதில் பாதிக்குமேல் ரிப்பேர் கேட்டால் விட்டுவிடுங்கள் என்பது எங்கள் கணக்கு. பிராசசரின் வயதையும் சேர்த்துப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். அதற்கு முந்தையது என்றால், லினக்ஸ் போடத் தயாராக இருப்பவர் மட்டும் செலவு செய்யட்டும்.

செத்த லேப்டாப்பிலிருந்து எதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்?

முதலில் டிஸ்க். 2.5 இன்ச் சாட்டா (பழைய இணைப்பு வகை) என்றால் யு.எஸ்.பி. கேஸில் போட்டால் வெளி டிஸ்க்காகிவிடும். எம்.2 எனும் சிறு குச்சி வடிவ எஸ்.எஸ்.டி. என்றால் அது சாட்டாவா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ.யா என்று பார்த்துக் கேஸ் வாங்குங்கள். மாறி வாங்கினால் டிஸ்க் தெரியாது, டிஸ்க்தான் செத்தது என்று நினைத்துவிடுவீர்கள். விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கர் பூட்டியிருந்தால் 48 இலக்கச் சாவி வேண்டும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்கில் இந்த வழியே கிடையாது: சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைத்தது, குறியாக்கமும் அந்தச் சிப்போடு கட்டுண்டது. தரவு வேண்டும் என்றால் போர்டைத்தான் எழுப்ப வேண்டும்.

அடுத்து ரேம். லேப்டாப் ரேமில் 204 பின் என்றால் பழைய டி.டி.ஆர்.3 வகை, 260 பின் என்றால் அடுத்து வந்த டி.டி.ஆர்.4, ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. டி.டி.ஆர்.3-லும் 1.35 வோல்ட் 'எல்' வகை கேட்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் பெரும்பாலும் திரையே வராது. வைஃபை கார்டு, ஃபேன், நல்ல பேனல் ஆகியவற்றுக்கும் ஆள் உண்டு. உடைந்தது திரை மட்டும் என்றால் பிரிக்கவே வேண்டாம். பழைய மானிட்டரோடு சேர்த்தால் பிள்ளைகளுக்கு ஒரு டெஸ்க்டாப்.

டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது...

பேட்டரி உப்பிவிட்டது. இன்றே சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். அமுக்காதீர்கள், காற்றை எடுக்கிறேன் என்று ஊசி குத்தாதீர்கள், குத்தினால் தீ. ஒட்டியிருந்தால் உலோகத் தகட்டால் நெம்பாமல் கடையில் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததன் கனெக்டரில் இன்சுலேஷன் டேப் சுற்றி, மணல் போட்ட உலோக டப்பாவில் வையுங்கள். லேப்டாப்பை எறிய வேண்டியதில்லை, பேட்டரி மட்டும் புதிது போதும்.

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாமா?

வேண்டாம். அங்கிருந்து போகும் ஒயர் பல இடங்களில் திறந்தவெளியில் எரிகிறது, போர்டு அமிலத்தில் ஊறுகிறது. புகையும் கழிவும் அந்தத் தெருக்காரருக்கு. மின்னணுக் கழிவு விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பழைய சாதனங்கள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச்சேரும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. உங்கள் பிராண்டின் தளத்தில் திரும்பப் பெறும் வசதியைத் தேடுங்கள், அல்லது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்தவர்களிடம் கொடுங்கள்.

கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ஃபார்மட் செய்தால் அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஹார்டு டிஸ்க் என்றால் ஒருமுறை முழுதாக மேலெழுதுங்கள், எஸ்.எஸ்.டி. என்றால் அதற்கான 'செக்யூர் எரேஸ்' கட்டளை.

சார்ஜரை வேறு லேப்டாப்புக்குப் பயன்படுத்தலாமா?

வட்டப் பின் சார்ஜரில் வோல்டேஜ் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், பின் பொருந்த வேண்டும். டெல், ஹெச்.பி. சார்ஜர்களில் நடுவிலுள்ள மெல்லிய பின், சார்ஜர் எது என்று லேப்டாப்புக்குச் சொல்லும். அது வளைந்திருந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது.