‘ஏன் அங்கே?’: உலகப் புவியியல் கேள்வி பதில்

உயர்நிலைப் பள்ளியில் உலகப் புவியியல் படிக்கும் மாணவர்களும் சில பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

டீச்சர், நாடு, தலைநகரம், மலை, ஆறு என்று பெயர்களை மனப்பாடம் செய்வதுதான் இந்தப் பாடமா? இரண்டே நாளில் எல்லாம் மறந்துவிடுகிறது. (9ஆம் வகுப்பு மாணவி)

மறப்பது உன் தப்பில்லை அம்மா. தனித்தனியாகப் படிக்கிற பெயர்கள் யாருக்கும் நிற்காது. ஒவ்வொரு இடத்தைப் பார்த்ததும் ‘இது ஏன் அங்கே இருக்கிறது?’ என்று கேட்டுப் பழகு. சிலி நாட்டில் உள்ள அட்டகாமாவை எடுத்துக்கொள். பசிபிக் கடலை ஒட்டியே இருக்கிறது, ஆனால் உலகிலேயே மிக வறண்ட பாலைவனங்களில் ஒன்று. கடலோரத்தில் எப்படிப் பாலைவனம் வந்தது? கிழக்கே நிற்கும் ஆண்டிஸ் மலைத்தொடர், அமேசான் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றை மறித்துவிடுகிறது. மேற்கே கரையோரமாக ஹம்போல்ட் என்ற குளிர் நீரோட்டம் ஓடுகிறது. அதன் மேல் படிந்த காற்று குளிர்ந்து கனத்துவிடுவதால் மேலெழும்புவதில்லை. காற்று எழும்பாவிட்டால் மழை ஏது? மூடுபனியோடு சரி. அப்புறம் ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தை வரைபடத்தில் தேடிப் பார். அதுவும் மேற்குக் கரைதான், அங்கேயும் பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் ஓடுகிறது. ஒன்றின் காரணம் புரிந்தால் இன்னொன்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சுவரில் மாட்டிய வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றன. உண்மையிலேயே அப்படித்தானா? (8ஆம் வகுப்பு மாணவர்)

இல்லை தம்பி. ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கி.மீ., கிரீன்லாந்து சுமார் 22 லட்சம்தான். ஏறக்குறைய 14 கிரீன்லாந்துகள் ஆப்பிரிக்காவுக்குள் அடங்கும்.

இதை நம்ப ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். பேனாவால் அதன் மேல் கண்டங்களை வரை. தோலை முடிந்தவரை ஒரே துண்டாக உரித்து மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்து. ஓரங்கள் பிளந்துகொள்ளும். பிளவே இல்லாத தட்டையான படம் வேண்டுமென்றால் தோலை எங்காவது இழுத்து நீட்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் இதைத்தான் செய்யச் சொல்வேன். தோல் கிழியும்போது, வரைபடம் பூமியின் புகைப்படம் அல்ல என்று பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

நீ பார்த்தது 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபட வல்லுநர் வகுத்த முறை. மாலுமி திசைகாட்டியைப் பார்த்து ஒரே திசையில் போனால், அந்தப் பாதை படத்தில் நேர்க்கோடாக விழும். அதற்காக அவர் பரப்பளவை விட்டுக்கொடுத்தார். உண்மையில் துருவங்களில் போய்ச் சேரும் தீர்க்கக்கோடுகள் அந்தப் படத்தில் இணையாகவே போகின்றன. அதனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப்போகிறது. கடலில் வழி தேட அருமையான படம், நாடுகளின் அளவை ஒப்பிட உதவாது.

கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்கிறான் என் மகன். சரியா? (ஒரு தாய்)

சரியில்லைங்க. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரித் தொடக்கத்தில். வட அரைக்கோளத்தில் அப்போது குளிர்காலம். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பது. ஆஸ்திரேலியாவில் ஏன் டிசம்பரில் கோடை என்று அவனிடம் கேளுங்கள், அவனே கண்டுபிடித்துவிடுவான்.

180 பாகை தீர்க்கக்கோடு நேராகப் போகிறது. பன்னாட்டுத் தேதிக்கோடு மட்டும் ஏன் வளைந்து நெளிந்து போகிறது? (10ஆம் வகுப்பு மாணவர்)

நல்ல கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் கூட. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது, அது இயற்கை. தேதி எங்கே மாற வேண்டும் என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. பசிபிக்கில் உள்ள சமோவாவைப் பார். அதன் வணிகம் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுடனும் நியூசிலாந்துடனும். ஆனால் அது தேதிக்கோட்டின் மறுபக்கம் இருந்தது. சமோவாவில் வெள்ளிக்கிழமை வேலை நடக்கும்போது அங்கே சனி விடுமுறை. இங்கே ஞாயிறு என்றால் அங்கே திங்கள், அலுவலகம் திறந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் வீண். அதனால் 2011இல் டிசம்பர் 29 வியாழக்கிழமை இரவு தூங்கப் போனவர்கள், 31 சனிக்கிழமை எழுந்தார்கள். 30ஆம் தேதியே அந்த நாட்டுக்கு வரவில்லை. 1995இல் கிரிபாட்டி என்ற பசிபிக் தீவு நாடும், ஒரே நாட்டின் தீவுகளில் இரண்டு தேதி ஓடிய சிக்கலைத் தீர்க்கத் தன் பகுதியில் கோட்டைக் கிழக்கே தள்ளியது.

மக்கள்தொகைப் பாடம் வெறும் எண்ணாக இருக்கிறது. எப்படிப் படிப்பது? (11ஆம் வகுப்பு மாணவி)

எண்ணை வரைபடத்தில் வைத்துப் பார். எகிப்து பெரிய நாடு, ஆனால் அங்கே 100 பேரில் சுமார் 95 பேர் நைல் ஆற்றின் கரையிலும் கழிமுகத்திலும்தான் வாழ்கிறார்கள். மீதி நிலம் பெரும்பாலும் பாலை. நாட்டின் மொத்தப் பரப்பால் மக்கள்தொகையை வகுத்து அடர்த்தி சொன்னால், அந்த நெரிசல் எங்கே தெரியும்?

கண்டங்கள் நகர்வதை யார் பார்த்தார்கள்? எதை வைத்து நம்புவது? (9ஆம் வகுப்பு மாணவர்)

வெறும் கண்ணுக்குத் தெரியாது. அட்லாண்டிக் பெருங்கடல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் விரிகிறது, ஏறக்குறைய உன் விரல் நகம் வளரும் வேகம். ஜெர்மன் அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெக்னர் 1912இல் கண்ட நகர்வைச் சொன்னபோது கையில் நல்ல சான்றுகள் இருந்தன. மீசோசாரஸ் என்ற சிறிய ஊர்வனவற்றின் புதைபடிவங்கள் பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைத்திருந்தன. அவ்வளவு பெரிய கடலை அது நீந்திக் கடந்திருக்க வழியில்லை. ஆனால் கண்டங்களை நகர்த்தும் விசை எது என்று அவரால் விளக்க முடியவில்லை, பலர் ஏற்கவில்லை. 1950களில் அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப், கப்பல்கள் அளந்துவந்த கடல் ஆழங்களைத் தாளில் குறித்துக்கொண்டே வந்தார். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு நீண்ட பிளவு தெரிந்தது. கடல்தளம் விலகுகிற இடம் அது. இன்று செயற்கைக்கோள் கொண்டு நகர்வை நேரடியாகவே அளக்கிறார்கள். அந்த மலைத்தொடர் ஐஸ்லாந்தில் கடலுக்கு மேலே தலைகாட்டுகிறது. திங்வெல்லிர் என்ற இடத்தில் அந்தப் பிளவுக்குள் இறங்கி நடக்கலாம்.